திரையில் விற்கப்படும் அதிர்ச்சியும் நமது இரண்டாவது பார்வையும்

 

தொலைக்காட்சியில் வரும் ஆபாசக் காட்சிகளைப் பற்றி நமது மிம்பர்களில் அடிக்கடி பேசப்படுகிறது. ஆயினும் பெரும்பாலும் "காலம் கெட்டுவிட்டது" என்ற பெருமூச்சோடு அந்தப் பேச்சு நின்றுவிடுகிறது. அக்காட்சி ஏன் அங்கே வைக்கப்படுகிறது, அதனால் இலாபம் அடைபவர் யார், அதற்குரிய விலையைச் செலுத்துபவர் யார் என்ற வினாக்களை நாம் எழுப்புவதில்லை. இவற்றுக்கு விடை காண ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். அது நிகழ்ந்தது நமது நாட்டில் அல்ல. எனினும் அதன் விளைவுகளில் ஒன்று இன்று நம்மில் அநேகரின் சட்டைப் பையில் இருக்கிறது.

2004ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 1ஆம் திகதி, அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 'சுப்பர் போல்' எனப்படும் அமெரிக்கக் காற்பந்து இறுதிப் போட்டி நடைபெற்றது. அந்நாட்டில் தாய், தந்தை, பிள்ளைகள், பாட்டன், பாட்டி என முழுக் குடும்பமும் ஒன்றாக அமர்ந்து பார்க்கும் நிகழ்ச்சி அது. சுமார் 9 கோடிப் பேர் பார்த்துக்கொண்டிருந்தனர். இடைவேளை இசை நிகழ்ச்சியின் இறுதியில், பாடகர் ஜஸ்டின் டிம்பர்லேக், பாடகி ஜேனட் ஜெக்சனின் மேலாடையின் ஒரு பகுதியைப் பிய்த்தெடுத்தார். மறைக்கப்பட வேண்டிய அப்பெண்ணின் அவ்ரத் திரையில் தெரிந்தது. எவ்வளவு நேரம்? ஒரு வினாடியை 16 பங்காகப் பிரித்தால் அதில் 9 பங்கு. கண் இமைத்திருந்தால் தவறிப்போயிருக்கும்.

அமெரிக்காவின் மத்திய தொடர்பாடல் ஆணைக்குழுவுக்கு 5 இலட்சத்துக்கும் அதிகமான முறைப்பாடுகள் குவிந்தன. ஒளிபரப்பிய சீ.பி.எஸ். நிறுவனத்துக்கு 550,000 டொலர் அபராதம் விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 2008இலும் மீண்டும் 2011இலும் அதனைத் தள்ளுபடி செய்தது. 2012இல் உயர் நீதிமன்றம் வழக்கை விசாரிக்க மறுத்ததோடு அந்த அத்தியாயம் முடிந்தது. சட்டத்தின் கதை இவ்வளவுதான்.

மக்களின் கதை வேறு. நேரடி ஒளிபரப்பைப் பதிவு செய்து பின்னோக்கி ஓட்டிப் பார்க்க உதவும் 'டீவோ' என்ற கருவி அன்று அமெரிக்க வீடுகளில் பரவி வந்தது. தான் அதுவரை அளந்த காட்சிகளில் மிக அதிகமாகத் திரும்ப ஓட்டிப் பார்க்கப்பட்டது இதுவே என அந்நிறுவனம் அறிவித்தது. கோபத்தோடு முறைப்பாடு எழுதிய அதே நாடுதான், பொத்தானை அழுத்தி மீண்டும் மீண்டும் பார்த்தது!

அதே ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தது. மருதமுனை, சாய்ந்தமருது, அம்பாந்தோட்டை என நமது கரையோர ஊர்கள் அனுபவித்ததை இங்கு நினைவூட்டத் தேவையில்லை. இவ்விரண்டையும் ஏன் சேர்த்துக் கூறுகிறோம்? யூடியூப் தளத்தை நிறுவிய மூவருள் ஒருவரான ஜாவேத் கரீம் பின்னர் ஒரு செவ்வியில், 2004இல் ஜெக்சன் சம்பவத்தின் காட்சியையும் சுனாமிக் காட்சிகளையும் இணையத்தில் தேடிக் கண்டுபிடிப்பது கடினமாக இருந்ததே அத்தகைய ஒரு தளம் பற்றிய எண்ணத்தைத் தூண்டியது எனத் தெரிவித்தார். 2005இல் யூடியூப் பிறந்தது. நம் மக்களின் ஜனாஸாக்கள் ஒதுங்கிய கடற்கரையும், ஒரு பாடகியின் கிழிந்த ஆடையும், தேடிப் பார்க்க விரும்பும் கண்ணுக்கு முன்னால் ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன. இதைப் படிக்கும்போது மனம் கனக்கத்தான் செய்கிறது.

இனி, விலையைச் செலுத்தியவர் யார்? ஒரு வாரத்தின் பின் அதே சீ.பி.எஸ். கிராமி இசை விருது விழாவை ஒளிபரப்பியது. ஆடையைப் பிய்த்த ஆண் அந்த மேடையில் விருது பெற்றார். ஆடை பிய்க்கப்பட்ட பெண் அங்கே இருக்கவில்லை. பழியும் கேலியும் அவரையே ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தன. 2018இல் அதே சுப்பர் போல் இடைவேளை நிகழ்ச்சிக்கு டிம்பர்லேக் மீண்டும் அழைக்கப்பட்டார். 2021இல்தான் அவர் ஜெக்சனிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். பதினேழு ஆண்டுகள் சென்றன.

இது ஒரு கணத்தில் நடந்தது. தற்செயல் என்றே சம்பந்தப்பட்டோர் கூறினர். ஆனால் திட்டமிட்டு, எழுதி, ஒத்திகை பார்த்து அதிர்ச்சியைத் தயாரிக்கும் நாடகங்களின் நிலை என்ன? 2011 முதல் 2019 வரை எச்.பி.ஓ. நிறுவனம் ஒளிபரப்பிய 'கேம் ஒப் த்ரோன்ஸ்' தொடரை நமது இளைஞர்களில் சிலரும் அறிவர். பொது அலைவரிசைகளில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை ஆபாசத்தைத் தடுக்கும் அமெரிக்க விதிகள், சந்தா செலுத்திப் பார்க்கும் இத்தகைய அலைவரிசைகளைக் கட்டுப்படுத்துவதில்லை. எனவே மற்றவர் காட்ட முடியாததைக் காட்டுவதும் சந்தாவுக்கு ஒரு கவர்ச்சியாகிறது. அத்தொடரில், கதையை விளக்கும் நீண்ட உரையாடல் சலிப்பூட்டாதிருக்க அதன் பின்னணியில் ஆடையற்ற பெண்களை நிறுத்தும் உத்தி இருந்தது. இந்த உத்திக்கென்றே 2011இல் ஒரு விமர்சகர் தனிச் சொல் ஒன்றை உருவாக்கும் அளவுக்கு அது வெளிப்படையாக இருந்தது. கதைக்கு அவசியம் என்று கூறுவோர் இதனைச் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

அத்தொடரில் முக்கிய பாத்திரமேற்ற நடிகை எமிலியா கிளார்க் 2019இல் ஓர் உரையாடலில் மனம் திறந்தார். நடிப்புக் கல்லூரியை விட்டு வெளியேறிய சொற்ப காலத்தில் கிடைத்த வாய்ப்பு அது. எதை மறுக்கலாம், எதை மறுக்க முடியாது என்று அவருக்குத் தெரியவில்லை. குளியலறையில் அழுதுவிட்டு வந்து அக்காட்சிகளில் நடித்திருக்கிறார். பின்னாளில் அவர் மறுத்தபோது, "ரசிகர்களை ஏமாற்றலாமா?" என்ற தொனியில் வற்புறுத்தப்பட்டதையும் குறிப்பிட்டார். அந்த 'ரசிகர்' யார்? இருட்டறையில் கைத்தொலைபேசியோடு தனித்திருப்பவரும் அவர்களுள் ஒருவரல்லவா?

2018இல் அந்நிறுவனமே, இத்தகைய காட்சிகள் படமாக்கப்படும்போது நடிகர்களின் சம்மதத்தையும் பாதுகாப்பையும் கவனிக்கத் தனி அலுவலர்களை நியமிக்கும் நடைமுறைக்கு வந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கையை நசுக்கும் இயந்திரம் உள்ள தொழிற்சாலைக்கே பாதுகாப்பு அதிகாரி தேவைப்படுகிறார் என்பதையும் மறந்துவிடலாகாது.

அன்பர்களே! சூரா அந்நூரின் 30ஆம் வசனம் பார்வையைத் தாழ்த்திக்கொள்ளுமாறு முஃமினான ஆண்களையே முதலில் விளிக்கிறது. பெண்களுக்கான கட்டளை 31ஆம் வசனத்தில்தான் வருகிறது. நமது வீடுகளிலோ இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. மகளின் முந்தானையைப் பற்றி நாளுக்கு நான்கு முறை பேசும் பெற்றோர், மகனின் கண்ணைப் பற்றி வருடத்துக்கு ஒரு முறையேனும் பேசுவதில்லை. டிம்பர்லேக்கை மேடையேற்றி, ஜெக்சனை ஒதுக்கிவைத்த மனப்பான்மை அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று.

எதிர்பாராமல் விழும் முதற் பார்வை மன்னிக்கப்படும், அதனைத் தொடரும் இரண்டாவது பார்வைக்கு அனுமதியில்லை என அலீ (ரழி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் அறிவோம். டீவோ கருவி எண்ணியது இந்த இரண்டாவது பார்வையைத்தான். இன்றைய கைத்தொலைபேசிச் செயலிகளும் நீங்கள் எந்தக் காட்சியில் எத்தனை வினாடிகள் தரித்தீர்கள் எனக் கணக்கெடுத்து, அதே இனத்தில் அடுத்ததைக் கொண்டுவந்து வைக்கின்றன. நேற்று அதிர்ச்சி தந்தது இன்று பழகிவிடுவதால், அடுத்தது சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

மற்றொன்று. "பாருங்கள், எவ்வளவு மோசம்!" என்ற குறிப்போடு இத்தகைய காட்சித் துண்டுகளைக் குடும்ப வட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பும் பழக்கம் நல்லவர்களிடமும் இருக்கிறது. அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் மீது அவதூறு பரவிய சந்தர்ப்பத்தில் இறங்கிய அதே சூராவின் 19ஆம் வசனம், மானக்கேடானது முஃமின்களிடையே பரவுவதை விரும்புவோரைக் கடுமையாக எச்சரிக்கிறது. கண்டிப்பதற்காகவே அனுப்பினாலும், அனுப்பிய காட்சி அனுப்பியதுதான்.

சரி, கூடத்தில் எல்லோரும் அமர்ந்திருக்கும்போது அப்படியொரு காட்சி வந்துவிட்டால் என்ன செய்வது? பல வீடுகளில் வாப்பா பதறி எழுந்து ரிமோட்டைத் தேடுவார், உம்மா சத்தமிடுவார், எவரும் எவர் முகத்தையும் பார்க்கமாட்டார்கள். பிள்ளை கற்றுக்கொள்வது ஒன்றே: அங்கே பார்க்கத் தகுந்த ஏதோ இருக்கிறது, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

ஹஜ்ஜதுல் வதாவின்போது நடந்ததைப் பாருங்கள். நபி (ஸல்) அவர்களின் வாகனத்தில் பின்னால் அமர்ந்திருந்த இளைஞர் ஃபழ்ல் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள், மார்க்கச் சட்டம் கேட்க வந்த கஸ்அம் கோத்திரத்துப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். நபியவர்கள் இளைஞரின் முகத்தை மறுபக்கம் திருப்பிவிட்டார்கள். ஏசவில்லை. அப்பெண்ணை விரட்டவுமில்லை, முதிய தந்தைக்காக ஹஜ் செய்யலாமா என்ற அவளது கேள்விக்கு விடையளித்தார்கள். திர்மிதியில் வரும் அறிவிப்பில், "ஏன் அவரது கழுத்தைத் திருப்பினீர்கள்?" என்று தந்தை அப்பாஸ் (ரழி) அவர்களே வினவுகிறார்கள். ஓர் இளைஞனையும் இளம் பெண்ணையும் கண்டேன், அவர்கள் விடயத்தில் ஷைத்தானை நம்பி இருக்க முடியவில்லை என்ற கருத்தில், காரணத்தை மறைக்காமல் நபியவர்கள் கூறினார்கள்.

எனவே அலைவரிசையை அமைதியாக மாற்றுங்கள். பிறகு காரணத்தையும் சொல்லுங்கள். வயது வந்த மகனை அருகில் அமர்த்தி, குளியலறையில் அழுதுவிட்டு வந்து நடித்த அந்தப் பெண்ணைப் பற்றி எடுத்துரையுங்கள். கைத்தொலைபேசியில் அடுத்த காணொளி தானாக ஓடுவதை நிறுத்தும் வசதி உண்டு. அதனை எவ்வாறு நிறுத்துவது என்று அவனிடமே கேட்டு, முதலில் உங்கள் தொலைபேசியில் நிறுத்துங்கள்.