வீட்டுக்குள் ஓடும் ஒயர்: குறைந்த செலவில் வேகமான நெட்வொர்க்கும் பொதுச் சேமிப்பும்

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில், சுண்ணாம்பாற்றுப் பாலம் தாண்டி வரும் தவளக்குப்பத்தையும் அதைச் சுற்றியுள்ள நகர்களையும் ஃபைபர் கேபிள் எட்டிவிட்டது. மாதம் சில நூறு ரூபாய்க்கு 100 மெகாபிட் இணைப்பு வாசலுக்கே வருகிறது. ஆனால் கீழே ஹாலில் இருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து மாடியறை லேப்டாப்புக்கு ஒரு கல்யாண வீடியோவைக் கொண்டுபோக இன்றும் பென் டிரைவோடு படியேறுகிறோம். இல்லையென்றால் கூகுள் டிரைவில் ஏற்றி, மாடியில் இறக்குகிறோம். தலைக்கு மேலே இருக்கும் அறைக்குப் போகவேண்டிய கோப்பு ஏதோ ஒரு தூரத்து டேட்டா சென்டர்வரை போய்த் திரும்புகிறது.

மாதாமாதம் கட்டும் பணத்துக்கான வேகம் மோடத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்புறம் வீட்டுக்குள் இருப்பது நம்முடைய நெட்வொர்க். அதற்கு மாதக் கட்டணம் கிடையாது. வெளியே கேபிள் அறுந்து இணையம் நின்றுபோனாலும் அது நிற்க வேண்டியதில்லை. பிளானை 100லிருந்து 300க்கு உயர்த்துவதற்கு ஆகும் பணத்தை ஒரு தடவை நல்ல ஒயருக்கும் ஒரு ஹார்டு டிஸ்க்குக்கும் போட்டால் பல வருடங்களுக்கு வேலை செய்யும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் கணக்கு. இணைய நிறுவனங்கள் வேகத்தை மெகாபிட்டில் சொல்கின்றன. நம் கோப்புகள் மெகாபைட்டில் இருக்கின்றன. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் இணைப்பில் நடைமுறையில் நொடிக்குச் சுமார் 11 மெகாபைட்தான் நகரும். 4கே கேமராவில் நொடிக்கு 100 மெகாபிட் தரத்தில் எடுத்தால் ஒரு மணி நேரப் படம் 45 ஜிபி வரும். முகூர்த்தம், வரவேற்பு எல்லாம் சேர்ந்து 100 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். அதை 100 மெகாபிட் ஒயரில் நகலெடுக்க இரண்டரை மணி நேரம் ஆகும். கிகாபிட் (1000 மெகாபிட்) ஒயரில் நொடிக்கு 110 மெகாபைட் கிடைப்பதால் கால் மணி நேரம் போதும். அதையே 40 மெகாபிட் அப்லோடு வேகத்தில் கிளவுடுக்கு ஏற்றினால் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், நடுவில் கரன்ட் போகாமல் இருந்தால்.

வெளி உலக இணைப்பு எவ்வளவு மெதுவாக இருந்தாலும், தேவையான தகவலை ஓரிடத்தில் சேர்த்துவைத்து உள்ளூருக்குள் பகிர்ந்துகொள்ளலாம் என்பது தவளக்குப்பத்தின் அக்கம்பக்க ஊர்களுக்குப் புதிது இல்லை. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்து, கனடாவின் ஐ.டி.ஆர்.சி. நிதியுதவியோடு கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. அப்போது இந்தப் பக்கத்துக் கிராமங்களில் தொலைபேசியே அரிது; கரன்ட்டும் நிலையாக இருக்காது. அதனால் கம்பிவழித் தொடர்போடு வி.எச்.எஃப். ரேடியோவையும் சேர்த்துக் கலப்பு நெட்வொர்க் ஒன்றை அமைத்தார்கள். சூரிய மின்சாரத்தையும் துணைக்கு வைத்துக்கொண்டார்கள். வில்லியனூரில் தகவலைச் சேகரித்துத் தமிழில் எழுதி, ஏம்பலம், வீராம்பட்டினம் போன்ற ஊர்களின் மையங்களுக்கு அனுப்பினார்கள். வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு, அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வரும் அலை உயர விவரத்தை எடுத்து, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 2001இல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது அந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது.

தவளக்குப்பத்துக்குக் கிழக்கே கடலோரத்தில் இருக்கும் நல்லவாட்டிலும் அப்படி ஒரு மையம் இருந்தது. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் சுனாமிச் செய்தியை அறிந்து வீட்டுக்கு ஃபோன் செய்தார். அவர் சொன்னது மையத்தின் ஒலிபெருக்கி வழியாக ஊர் முழுக்கப் போய்ச்சேர, மக்கள் கடற்கரையை விட்டு வெளியேறினார்கள், உயிர்கள் தப்பின. கடல் கடந்து வந்தது ஒரே ஒரு ஃபோன் அழைப்பு. ஊருக்குள் அதைக் கொண்டுசேர்த்தது ஏற்கெனவே இழுத்துவைத்திருந்த ஒயரும் ஒலிபெருக்கியும்தான். வீட்டு நெட்வொர்க் பற்றிய கட்டுரையில் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: உள்ளே போட்டுவைத்த ஏற்பாடு எத்தனை மதிப்புள்ளது என்பதற்கு இவ்வளவு பக்கத்தில் இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

இனி வீட்டுக்கு வருவோம்.

இணைப்பு கொடுக்கும்போது கேபிள்காரர் சுவரில் மாட்டிவிட்டுப் போன வெள்ளைப் பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். மலிவான மாடல்கள் பலவற்றில் ஒயர் செருகும் துளைகளில் ஒன்று மட்டும் கிகாபிட்டாக இருக்கும். மற்றவை 100 மெகாபிட். தெருக்குழாயில் எவ்வளவு வேகமாகத் தண்ணீர் வந்தாலும் வீட்டுக்குள் அரை இஞ்ச் பைப் இருந்தால் அரை இஞ்ச் தண்ணீர்தான் வரும், இதுவும் அப்படித்தான். தீர்வு சுலபம். 5 துளையுள்ள கிகாபிட் ஸ்விட்ச் ஒன்று ஆயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே கிடைக்கிறது. மோடத்தின் கிகாபிட் துளையிலிருந்து ஒரு ஒயரை இந்த ஸ்விட்ச்சுக்கு இழுத்து, கம்ப்யூட்டர், டிவி, சேமிப்புப் பெட்டி எல்லாவற்றையும் ஸ்விட்ச்சிலேயே செருகிவிட்டால், அவை தங்களுக்குள் முழு வேகத்தில் பேசிக்கொள்ளும். மோடத்தின் குறை அதற்குள் நுழையாது.

இந்த வேலையில் பெரும்பாலோர் ஏமாறுவது ஒயரில்தான். கேட் 5ஈ, கேட் 6 என்று மேலே அச்சடித்திருந்தாலும், உள்ளே அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசிய சரக்கு சந்தையில் ஏராளம். 'சி.சி.ஏ.' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். விலை பாதியாக இருக்கும். கையில் தூக்கினால் லேசாக இருக்கும். அலுமினியம் சீக்கிரம் முறியும். கடற்காற்று படுகிற ஊரில் ஜாக்குக்குள் அரிப்பும் வேகமாக வரும். முழுச் செம்பு என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். கம்பியின் முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சாதாரண மாடி வீட்டுக்கு 30, 40 மீட்டருக்கு மேல் தேவைப்படாது. மீட்டருக்குப் பத்து ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காகச் சுவருக்குள் குப்பையைப் புதைக்க வேண்டாம்.

ஒயருக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகளாகப் பின்னியிருக்கும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். கிரிம்பிங் செய்யும்போது ஒரு கம்பி சரியாகத் தொடாமல் போனால், பல கருவிகளில் இணைப்பு அறுந்துபோகாது. சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். அதனால் எலெக்ட்ரீஷியன் கிளம்புவதற்கு முன்பே கம்ப்யூட்டரில் லிங்க் வேகம் 1000 என்று காட்டுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். கரன்ட் ஒயர் போகும் பைப்பிலேயே இதையும் திணிக்கக் கூடாது. தனிப் பைப் அடிக்கச் சொல்லுங்கள். 2.5 கிகாபிட் ஸ்விட்ச்சுகளும் வந்துவிட்டன. பட்ஜெட் வீட்டுக்கு இப்போதைக்குத் தேவையில்லை. பிற்பாடு அதற்கு மாறினாலும் இதே நல்ல ஒயர் தாங்கும்.

பக்கத்து மனையில் அண்ணன் வீடு, பின்னால் பெரியப்பா வீடு என்று இருக்கும் குடும்பங்கள் இங்கே நிறைய. அங்கெல்லாம் மொட்டைமாடி வழியாகச் செம்பு ஒயர் இழுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலில் அந்த ஒயர் இரண்டு வீட்டுக் கருவிகளையும் சேர்த்துக் கெடுத்துவிடும். அதற்குப் பதிலாக உள்ளே உலோகக் கம்பி இல்லாத ஃபைபர் ஒயரும், இரு முனைக்கும் ஒரு ஜோடி மீடியா கன்வெர்ட்டரும் போடுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது.

வைஃபையை ஒதுக்கச் சொல்லவில்லை. ஃபோனுக்கு அதுதான் வழி. ஆனால் பொதுவாக ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும், மற்றவை காத்திருக்க வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் கான்கிரீட் தளத்தைத் தாண்டும்போது வெகுவாகத் தளர்ந்துவிடும். மாடியில் சிக்னல் இல்லையென்றால், சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் வாங்குவதைவிட, பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரை எடுத்து, அதில் கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டி.எச்.சி.பி.யை அணைத்து, ஸ்விட்ச்சிலிருந்து வரும் ஒயரை அதன் லேன் துளையில் செருகுங்கள். கீழே இருக்கும் வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் அதற்கும் கொடுத்துவிட்டால் ஃபோன் தானே மாறிக்கொள்ளும்.

அடுத்தது சேமிப்பு. இதற்கென்றே விற்கும் நாஸ் பெட்டிகள் நல்லவைதான். ஆனால் டிஸ்க் இல்லாமலே விலை கணிசம். மலிவான மாற்று ஒன்று உண்டு. 2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏற்க மறுக்கும் பழைய கம்ப்யூட்டர்களை அலுவலகங்கள் கழித்துவிடுகின்றன. அவற்றில் புத்தகம் அளவே இருக்கும் மினி கம்ப்யூட்டர்கள் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பத்தாயிரத்தை ஒட்டிய விலைக்குக் கிடைக்கும். லினக்ஸுக்கு அவை தாராளம். கிகாபிட் துளை, யு.எஸ்.பி. 3, 8 ஜிபி ராம் இருந்தால் போதும். அதில் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஓபன்மீடியாவால்ட் என்ற சேமிப்பு மென்பொருளை இலவசமாக நிறுவலாம், பிரவுசரிலிருந்தே நிர்வகிக்கலாம். விண்டோஸ் கம்ப்யூட்டர்களும் ஃபோன்களும் கோப்புகளைப் பார்க்க உதவும் சாம்பா மென்பொருள், 1991 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற மாணவர் எழுதத் தொடங்கியது. இன்று உலகமெங்கும் அலுவலகங்கள் நம்பியிருக்கும் அதே மென்பொருள் நம் வீட்டுக்கும் காசில்லாமல் கிடைக்கிறது.

வீட்டில் ஏற்கெனவே பெரிய பழைய கம்ப்யூட்டர் இருக்கிறதே என்று தோன்றலாம். கரன்ட் கணக்கைப் பார்த்துவிடுங்கள். சும்மா இருக்கும்போதே 60 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர் நாள் முழுக்க ஓடினால் மாதம் 43 யூனிட்; 10 வாட் மினி கம்ப்யூட்டருக்கு 7 யூனிட்தான். பழைய லேப்டாப் இருந்தால் அதுவும் ஆகும். பேட்டரியே சிறு யு.பி.எஸ். வேலை செய்யும், ஆனால் உப்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உப்பியிருந்தால் கழற்றி, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிட வேண்டும். யு.எஸ்.பி. 2 மட்டுமே உள்ள லேப்டாப்பில் வெளி டிஸ்க் நொடிக்கு 35, 40 மெகாபைட்டைத் தாண்டாது என்பதையும் நினைவில் வையுங்கள். மோடம், ஸ்விட்ச், மினி கம்ப்யூட்டர் மூன்றையும் இன்வெர்ட்டர் லைனில் போட்டுவிட்டால் கரன்ட் போனாலும் வேலை நடக்கும்.

கோப்புறைகளைப் பிரிப்பதில் கொஞ்சம் யோசனை தேவை. ஆளுக்கு ஒன்று, எல்லோருக்கும் பொதுவாக ஒன்று. பழைய குடும்பப் படங்களைப் பார்க்க மட்டும் அனுமதித்து, அழிக்கும் உரிமையை ஒருவரிடம் வையுங்கள். சாம்பாவின் ரீசைக்கிள் பின் வசதியையும் போட்டுவிடுங்கள். தவறிப்போய் அழித்த கோப்பு சில நாட்கள் அங்கே தங்கும்.

புதுச்சேரியில் பிரான்சில் உறவுள்ள குடும்பங்கள் பல. அங்கிருந்து அக்காவும் மாமாவும் படங்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்பார்கள். அதற்காக மோடத்தில் போர்ட் திறந்துவிடாதீர்கள். 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் என்ற, இணையத்தோடு இணைத்திருந்த சேமிப்புப் பெட்டிகளை யாரோ தொலைவிலிருந்து அழித்தார்கள். உலகம் முழுக்கப் பலருடைய பல வருடத்துப் படங்கள் காணாமல் போயின. டெயில்ஸ்கேல் போன்ற வி.பி.என். சொந்த உபயோகத்துக்கு இலவசம். உறவினரின் ஃபோனிலும் நம் பெட்டியிலும் நிறுவினால் அவர்களுக்கு மட்டும் வழி திறக்கும்.

பட்ஜெட்டில் பெரும் பகுதி டிஸ்க்குக்குப் போகும். பெரியதாக ஒன்று வாங்கப் பணம் இருந்தால், கொள்ளளவைக் குறைத்து இரண்டாக வாங்குங்கள் என்றே சொல்வேன். இரண்டையும் பெட்டியில் மாட்டி ஒன்றை மற்றொன்றின் பிம்பமாக ஓடவிடுவது காப்புநகல் ஆகாது. ஒன்றில் அழித்தது மறு நொடியே இன்னொன்றிலும் அழியும். மின்னல் அடித்தால் இரண்டும் போகும். இரண்டாவது டிஸ்க் யு.எஸ்.பி. டிஸ்க்காக இருக்கட்டும். மாதம் ஒரு தடவை செருகி, நகலெடுத்து, கழற்றிவிட வேண்டும்.

அதை அதே வீட்டு அலமாரியில் வைக்கவும் கூடாது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவேதான் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. அது வடிவதற்குள் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி வந்து பாகூர்ப் பக்கத்து ஊர்களைச் சூழ்ந்தது. தரைத்தளத்தில் மோடத்துக்குக் கீழே, தரையோடு தரையாகச் சேமிப்புப் பெட்டி வைத்திருக்கும் வீடுகள் அதை இந்த வாரமே மாடிக்கோ ஆள் உயர அலமாரிக்கோ மாற்றிவிடலாம். காப்பு டிஸ்க் கடலோரத்திலிருந்து தள்ளி, விழுப்புரம் பக்கத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருப்பது நல்லது. காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு போட்டுக் கொடுங்கள். கைவசம் இன்னொரு காப்பு டிஸ்க்கும் இருந்தால், போய்வரும்போதெல்லாம் புதுசைக் கொடுத்துப் பழசை வாங்கிவந்து, அதிலிருந்து ஒரு கோப்புறையை வேறொரு கம்ப்யூட்டரில் நகலெடுத்துத் திறந்து பாருங்கள். படங்கள் திறந்தால் டிஸ்க்கின் மேல் அன்றைய தேதியை எழுதி ஒட்டிவிட்டு, அடுத்த நகலை அதில் எடுக்கலாம்.