குடகுக் கிச்சிலி: பருவமறிந்து தேர்ந்துகொள்ளும் முறை

நமது சந்தைகளில் ஆரஞ்சு என்னும் ஒரே பெயரால் பல ஜாதிப் பழங்கள் விற்கப்பட்டு வருகின்றன. கிச்சிலி என்றும், கமலாப்பழம் என்றும், சாத்துக்குடி என்றும் ஜனங்கள் வழங்கும் பெயர்கள் ஊருக்கு ஊர் மாறுவதால், வாங்குவோர் தாம் கேட்டது ஒன்றும் பெற்றது வேறொன்றுமாக ஏமாறுவது உண்டு. அன்றியும், நல்ல ஜாதியைப் பயிரிட்ட குடியானவரும் தமது பழத்தின் பெயரால் வேறு பழம் விலைபோவதைக் கண்டு நஷ்டமடைகின்றனர். குடகு மலைநாட்டு ஆரஞ்சு இவ்விரு தீங்குகளுக்கும் உட்பட்ட ஒரு விசேஷப் பழமாகும். அதன் அடையாளங்களையும் பருவத்தையும், வாங்கும்போதும் விற்கும்போதும் சங்கத்தின் அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டிய விஷயங்களையும் இங்கே விவரிப்போம்.

ஜாதி வேற்றுமை

முதலாவது அறிய வேண்டியது யாதெனில், தோல் எளிதில் உரியும் பழமும் உரியாத பழமும் வெவ்வேறு இனங்கள் என்பதாம். சாத்துக்குடி இறுகிய தோலையுடையது. சுளைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். பெரும்பாலும் சாறு பிழிந்தே உபயோகிக்கப்படும். ஆந்திர நாட்டின் கடப்பை, அனந்தபுரம் ஜில்லாக்கள் இதற்குப் பேர்பெற்றவை. கமலா இனமோ கையினாலேயே தோல் உரிக்கத் தக்கது. சுளைகள் தனித்தனியே பிரியும். நாகபுரி ஆரஞ்சு, குடகு ஆரஞ்சு, பழனிமலையின் கீழ்ச்சரிவுகளில் விளையும் கொடை ஆரஞ்சு ஆகிய மூன்றும் இவ்வினத்தைச் சேர்ந்தனவே.

இவற்றுள் நாகபுரிப் பழத்தின் தோல் தளர்ந்து சுளையைவிட்டு விலகியிருக்கும். விதைகள் குறைவு. குடகுப் பழத்தின் தோல் மெல்லியது. நாகபுரியின் தோலைவிடச் சற்று இறுக்கமாகச் சுளையைப் பற்றியிருக்கும். மேற்புறம் வழவழப்பும் மினுமினுப்பும் உடையது. ஒரு பழத்தில் 9 முதல் 11 வரை சுளைகள் இருக்கும். விதைகள் 14 முதல் 30 வரையிலும் காணப்படும். சாறு மிகுதி. இனிப்போடு புளிப்பும் கலந்த சுவையே இதன் தனிச் சிறப்பு. வெறும் இனிப்பை மட்டும் விரும்புவோர் இதனை முதலில் குறைவாக மதிக்கக்கூடும். பழகியவர் வேறு பழத்தை நாடார்.

கடைக்காரர் குடகுப் பழம் என்று கூறும்போது ஒரு பழத்தை விலைகொடுத்து வாங்கி உரித்துப் பார்ப்பதே உத்தமமான பரீட்சை. தோல் பையைப்போல் தொளதொளவென்று கழன்று, உள்ளே விதைகள் நாலைந்தே இருக்குமாயின், அது குடகுப் பழம் என்று நம்புவதற்கில்லை.

விளையும் நிலமும் பருவமும்

குடகு நாட்டில் ஆரஞ்சு பெரும்பாலும் தனித்தோட்டமாக வைக்கப்படுவதில்லை. காப்பித் தோட்டங்களில் நிழல் மரங்களினூடே கலப்புப் பயிராக வளர்ந்து வருகிறது. குடகைச் சூழ்ந்த ஹாசன், சிக்கமகளூர், வயநாடு முதலிய மலைப்பகுதிகளிலும் இந்த ஜாதி உண்டு. கமலா இனத்துக்கு உத்தேசமாக 1,600 அடி முதல் 5,000 அடி வரை உயரமுள்ள, மழை நிறைந்த, நீர் தேங்காத சரிவு நிலமே ஏற்றது.

பூ மலர்ந்து காய் முதிர ஏறக்குறைய 8 அல்லது 9 மாதங்கள் செல்லும். மாசி, பங்குனி மாதங்களில் கோடை மழையையொட்டிப் பூப்பது குளிர்காலத்தில் பழமாகும். கார்த்திகை, மார்கழி, தை மாதங்களையொட்டிய இந்த விளைச்சலே பிரதானமானது. ஆனி, ஆடி மாதங்களில் மழைக்கால விளைச்சல் ஒன்றும் உண்டு. மழைக்காலப் பழத்தில் நீர்த்தன்மை மிகுந்து சுவை குறைவதும், பறித்தபின் விரைவில் அழுகுவதும் இயல்பு. ஆதலால் சுவையையும் நாட்பட வைத்திருத்தலையும் வேண்டுவோர் குளிர்காலப் பழத்தையே நாட வேண்டும்.

நாகபுரிப் பழத்துக்கும் இரண்டு பருவங்கள் உள. தை, மாசியில் பூப்பது ஐப்பசி முதல் மார்கழி வரையிலும், ஆனி, ஆடியில் பூப்பது மாசி, பங்குனியிலும் பழமாகி வருகின்றன. இதிலிருந்து ஓர் உண்மை புலப்படும். மார்கழி மாதத்தில் குடகுப் பழமும் நாகபுரிப் பழமும் ஒருங்கே சந்தைக்கு வருகின்றன. ஒன்றை மற்றொன்றின் பெயரால் விற்பதற்கு அம்மாதமே வசதியானது. அங்கத்தினர்கள் மிகுந்த விழிப்புடன் இருக்க வேண்டிய காலமும் அதுவே.

நிறத்தைக் கண்டு மயங்கலாகாது

பழுத்த ஆரஞ்சு செம்மஞ்சளாக இருக்க வேண்டும் என்று பலரும் எண்ணுகின்றனர். இது முற்றும் சரியன்று. தோலின் பச்சை நிறம் மாறுவதற்கு இரவுக் குளிர் வேண்டும். குளிர் போதாத இடங்களில் உள்ளே நன்கு பழுத்திருந்தும் தோல் பசுமை கலந்த மஞ்சளாகவே நிற்பதுண்டு. குடகுப் பழமும் பலசமயம் இவ்வாறே காணப்படும். பச்சையைக் கண்டு தள்ளுவோர் நல்ல பழத்தை இழப்பர்.

இதற்கு மாறாக, முதிராத காயைப் பறித்து எத்திலீன் வாயு அறையில் வைத்துத் தோலை மட்டும் மஞ்சளாக்குதலும் கூடும். இதனால் நிறம் மாறுமேயன்றிச் சுவை மாறாது. மாவும் வாழையும் பறித்தபின் பழுக்கும். ஆரஞ்சோ மரத்திலிருக்கும் வரையில்தான் இனிப்பேறும். பறித்தபின் புளிப்பு ஓரளவு தணியலாம், சர்க்கரை கூடுவதில்லை. புளித்த காயை வாங்கிவந்து வைக்கோலில் மூடி வைத்தால் இனிக்கும் என்பது வீண் நம்பிக்கை. பழங்களைப் பழுக்கவைக்கக் கார்பைடுக் கல் உபயோகிப்பது 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளால் தடைசெய்யப்பட்டுள்ளது என்பதையும் நினைவிற் கொள்க.

தேர்ந்தெடுக்கும் முறை

நிறத்தை விடுத்துக் கீழ்க்கண்டவற்றை ஆராய்தல் நலம்.

1. கையில் எடுத்தால் பருமனுக்கு மேற்பட்ட கனம் தோன்ற வேண்டும். கனமே சாற்றின் அளவுகோல்.

2. தோல் உப்பி, அழுத்தினால் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் தோன்றும் பழம் மரத்தில் அதிக நாள் நின்று சாறு வற்றியதாக இருக்கும்.

3. காம்புமுனை பச்சையாகவும் ஒட்டியும் இருந்தால் பழம் புதிது. அது கறுத்தோ உதிர்ந்தோ இருந்தால் நாட்பட்டது. அழுகல் உட்புகவும் அதுவே வழி.

4. தோலில் வடுவும் கீறலும் வேறு வேறு. காற்றில் கிளை உராய்ந்து காய்ந்த வடுவினால் சுவைக்குக் கேடில்லை. புதிய கீறலும், நீர் கோத்த மிருதுவான இடமும் உள்ள பழத்தை விலக்க வேண்டும்.

எண்ணிக்கையால் வாங்குவதிலும் எடையால் வாங்குவதே லாபகரம். உதாரணமாக, பழம் ஒன்று 10 ரூபாய் வீதம் 100 பழம் வாங்குவதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் 150 கிராம் இருந்தால் 1,000 ரூபாய்க்கு 15 கிலோ கிடைக்கும். உப்பிய பழம் பார்வைக்கு அதே பருமனாக இருந்தும் 110 கிராமே இருந்தால் கிடைப்பது 11 கிலோ. 4 கிலோ நஷ்டம் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

சங்கம் மொத்தமாகக் கூடைகளைக் கொள்முதல் செய்யுமாயின், கூடையின் மேற்பழத்தை மட்டும் பார்த்து விலை தீர்க்கலாகாது. மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் பழங்களை எடுத்து நிறுத்து, இரண்டொன்றை அறுத்துச் சுவைத்து, விதையெண்ணிப் பார்த்த பிறகே பேச வேண்டும். நேர்மையான வியாபாரி இதற்கு மறுப்புக் கூறமாட்டார்.

வீட்டில் காற்றோட்டமுள்ள நிழலில் பரப்பி வைத்தால் நல்ல பழம் ஒரு வாரத்துக்குக் குறையாமல் இருக்கும். பச்சைப் பூஞ்சணம் பிடித்த பழம் ஒன்று இருந்தாலும் அதன் தூள் மற்றப் பழங்களின் கீறல்களில் படிந்து யாவற்றையும் கெடுக்கும். ஆதலால் தினமும் பார்த்து அழுகலை உடனே அகற்றுதல் அவசியம்.

பயிரிடுவோர் கவனத்திற்கு

மலைக்கிராமச் சங்கங்களின் அங்கத்தினர்கள் பலர் தாமே இப்பழத்தைப் பயிரிடுவோர் ஆவர். அவர்கள் பறிக்கும் முறையிலேயே பாதி விலை அடங்கியிருக்கிறது. பழத்தை இழுத்துப் பறித்தால் காம்படியில் தோல் பிய்ந்து அழுகல் உண்டாகும். கத்தரிக்கோலால் காம்பை ஒட்ட வெட்டுதலே முறை. பனி ஈரம் உலராத காலையிலும் மழையிலும் பறிக்கலாகாது. அப்பொழுது தோலிலுள்ள எண்ணெய்ப் பைகள் எளிதில் உடைந்து, எண்ணெய் பட்ட இடம் கரிந்த புள்ளிகளாகிவிடும். பறித்ததை நிழலில் ஆறவைத்து, பருமனுக்கேற்பத் தரம் பிரித்து, காற்றுத் துளையுள்ள பெட்டிகளில் அடுக்க வேண்டும்.

புதிதாகக் கன்று வைப்போர் அதன் பிறப்பிடத்தை விசாரித்தே வாங்க வேண்டும். குடகு ஆரஞ்சின் பரப்பு 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெகுவாகச் சுருங்கியதற்கு நோய்களே முக்கிய காரணம். அவற்றுள் கொடியது, இலை மஞ்சளித்து, காய் சிறுத்துக் கோணி, மரம் ஆண்டுக்காண்டு நலியும் பசுமை நோயாகும். சாறு உறிஞ்சும் ஒரு சிறு பூச்சியினாலும், நோயுற்ற மரத்திலிருந்து எடுத்த ஒட்டுமொட்டினாலும் இது பரவுகிறது. பற்றியபின் மரத்தைக் குணப்படுத்த மருந்து இல்லை. மலிவென்று வழிவியாபாரியிடம் வாங்கும் கன்று, தோட்டம் முழுவதற்கும் நோயைக் கொண்டுவரக்கூடும். செட்டள்ளியிலுள்ள மத்திய தோட்டக்கலைப் பரிசோதனை நிலையம், நாகபுரியிலுள்ள மத்திய எலுமிச்சையின ஆராய்ச்சி நிலையம் முதலிய அரசாங்க நிலையங்களின் யோசனையைப் பெற்றுச் சங்கத்தின் மூலம் ஒருமிக்கக் கன்று தருவித்தல் சிறந்தது. இரண்டரை அடி நீள அகல ஆழமுள்ள குழிகளில், 20 அடிக்கு ஒன்றாக நடுவது வழக்கம்.

சங்கத்தின் கடமை

குடியானவரைப் பெரிதும் வாட்டுவது பூவிலேயே விலைபேசும் குத்தகை முறையாகும். மரம் பூத்திருக்கும்போது வீட்டில் பணமுடை இருக்கும். குத்தகைக்காரர் முன்பணம் கொடுத்து அவ்வாண்டு விளைச்சலைத் தமதாக்கிக் கொள்வர். பழம் முதிரும்போது விலை உயர்ந்தாலும் லாபம் பயிரிட்டவரைச் சாராது. குத்தகைக்காரருக்கு மரத்தின்மேல் பற்றில்லை. விலை ஏறியிருக்கும் நாளில் முதிராத காயையும் சேர்த்து உலுக்கி விடுவர். இதனால் வாங்குவோர் புளித்த காயைப் பெறுகின்றனர். பழத்தின் நற்பெயரும் கெடுகிறது. ஆகவே கடன் தொல்லையும் பழத்தின் தாழ்வும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.

இதற்குப் பரிகாரம் கடனையும் விற்பனையையும் இணைப்பதே. 1954-ஆம் ஆண்டில் வெளிவந்த அகில இந்திய கிராமக் கடன் ஆய்வின் அறிக்கை இவ்விணைப்பையே வற்புறுத்திற்று. பூக்கும் காலத்தில் சங்கம் அங்கத்தினருக்கு நியாயமான வட்டியில் பயிர்க்கடன் வழங்கவேண்டும். அங்கத்தினர் பழத்தைச் சங்கத்தின் மூலமே விற்கச் சம்மதித்து, விற்றுவரும் தொகையில் கடனைக் கழித்துக்கொள்ள இடந்தர வேண்டும். சிலர் கடனைச் சங்கத்தில் வாங்கிப் பழத்தை இரகசியமாகத் தரகருக்குக் கொடுப்பராயின், சங்கம் நிலைக்காது. மறு ஆண்டில் அவர்களே தரகரின் தயவை நாட நேரிடும்.

மேலும், குடகு ஆரஞ்சுக்கு 2005-06-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பதிவு செய்யப்பட்டுள்ளது. நாகபுரி ஆரஞ்சும் 2014-ஆம் ஆண்டில் அத்தகைய பதிவைப் பெற்றது. குறித்த நாட்டில் விளைந்த பழமன்றி வேறொன்றை அப்பெயரால் விற்பது சட்டப்படி குற்றமாகும். ஆயினும், தனித்த ஒரு குடியானவர் தமது கூடைமேல் அப்பெயரை எழுதினால் யார் நம்புவர்? தரம் பிரித்து, பருவத்தையும் ஊரையும் குறித்து, சங்கத்தின் முத்திரையிட்டு அனுப்பும் பெட்டிக்கே அப்பெயர் விலையைத் தரும். முத்திரையிட்ட பெட்டியில் ஒரு தடவை சொத்தைப் பழம் இருந்துவிட்டால் முத்திரையின் மதிப்பும் போய்விடும் என்பதை நிர்வாகிகள் மறத்தலாகாது.

சமவெளியிலுள்ள சங்கங்களும் இதில் உதவக்கூடும். பண்டகசாலைகள் மார்கழி, தை மாதங்களில் மலைநாட்டுச் சங்கங்களிடம் நேராகப் பழம் தருவித்து, அங்கத்தினர்களுக்கு எடைக்கணக்கில் வழங்கலாம். இடைத்தரகு குறைவதால் வாங்குவோருக்கு நயமான விலையும் விளைவிப்போருக்கு நியாயமான விலையும் கிட்டும். வாங்குவோர் ஜாதியறிந்து கேட்பதே, விளைவிப்போர் அந்த ஜாதியைக் கைவிடாதிருப்பதற்கு ஏற்ற துணை. கேட்பாரற்ற பழத்தின் மரம் வெட்டுண்டு போகும். ஆகையால் அடுத்த குளிர்காலத்துக்கு முன்னரே ஒவ்வொரு சங்கமும் தன் மகாசபையில் இவ்விஷயத்தை ஆலோசித்து, வேண்டிய ஏற்பாடுகளைச் செய்துகொள்ளுதல் நன்று.