சனிக்கிழமை ராத்திரி அப்கிரேட்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஓய்ந்த பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன யூனிட்டுக்குப் போயிருந்தேன். தண்ணீர் வடிந்து தரையெல்லாம் சேறு. வாசல் வெயிலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதன்மேல் மூடி கழற்றிய சர்வர், பக்கத்தில் ஜெனரேட்டரில் ஓடும் ஸ்டாண்டு ஃபேன். ஈரத்துணி உலர்த்துவதுபோல ஏழு வருஷக் கணக்கை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். ஹார்டு டிஸ்க் பிழைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஆவடி, பூந்தமல்லி வரை எனக்குத் தெரிந்த பலர் டாலி கணக்கு மென்பொருளையும் ஈஆர்பியையும் கிளவுடுக்கு மாற்றிவிட்டார்கள். ஏதோ ஒரு டேட்டா சென்டரில் வாடகைக்கு எடுத்த விர்ச்சுவல் மெஷினில், அதாவது விஎம்மில், கணக்கு ஓடுகிறது. வேறோர் இடத்தில் அதன் நகல் சில நிமிடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. அசல் படுத்துவிட்டால் நகலை எழுப்பிவிடலாம். இதைச் செய்யும் டிசாஸ்டர் ரெகவரி மென்பொருளை நம் ஆட்கள் ‘டிஆர்’ என்பார்கள். மாதாமாதம் பில் கட்டுகிறோம், திரையில் பச்சை டிக் தெரிகிறது, தூக்கம் வருகிறது.

பிறகு ஒருநாள் மெயில் வரும்: இந்தச் சனிக்கிழமை இரவு டிஆர் அப்கிரேட், உங்கள் சேவைக்குப் பாதிப்பில்லை. பொய் இல்லை, டாலி ஓடத்தான் செய்யும். ஆனால் அப்கிரேட் நடக்கும்போது நகலெடுப்பு நின்றுபோகலாம். அது மறுபடி ஓடி, விட்டுப்போனதையெல்லாம் பிடித்து முடிக்கும்வரை உங்களுக்குக் காப்பு கிடையாது. சில சமயம் பழைய மீட்புப் புள்ளிகளும் போய்விடும். நேற்றைய நிலைக்கோ முந்தாநாள் நிலைக்கோ திரும்ப முடியாது. மெயிலில் இதை யாரும் எழுதுவதில்லை.

அப்படியானால் அப்கிரேடே வேண்டாம் என்று தள்ளிப்போடலாமா? அது இன்னும் மோசம். 2024 செப்டம்பரில் வீம் பேக்கப் மென்பொருளில் இருந்த ஓர் ஓட்டைக்குத் திருத்தம் வெளியானது. அதன் தீவிரம் பத்துக்கு 9.8. திருத்தத்தைப் போடாமல் விட்ட இடங்களில் அடுத்த மாதமே அகீரா, ஃபாக் என்ற, தரவைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர்கள் அந்த ஓட்டை வழியாகப் புகுந்தன. திருடன் முதலில் நாயைத்தானே கட்டிப்போடுவான்? அடித்தளமும் மாறிக்கொண்டே இருக்கிறது. விஎம்களை ஓட்டும் விஎம்வேரின் விஸ்பியர் 7-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 2-ஓடு முடிந்தது. கீழே இருப்பது மாறினால் மேலே ஓடும் டிஆரும் கூடவே மாறித்தான் ஆகவேண்டும்.

ஆகவே அப்கிரேட் தேதியை, டிஆர் சேவை தரும் வெண்டர் கையில் விடாதீர்கள். நம் பக்கத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம், அப்போது வேண்டவே வேண்டாம். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் திறந்ததைப் பூந்தமல்லிக்காரர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் 11, 20 தேதிகளை ஒட்டியும் வேண்டாம், மார்ச் கடைசியிலும் வேண்டாம். வீமில் வந்ததுபோன்ற அவசரத் திருத்தத்துக்கு மட்டும் நாள் பார்க்கக் கூடாது.

எனக்கே நடந்த ஒன்று. நான் பார்த்துக்கொள்ளும் ஓர் அலுவலகத்தில் நான்கு விஎம்கள். அப்கிரேட் முடிந்தது, எல்லாம் பச்சை என்று வெண்டர் சொன்னார், நானும் தலையாட்டினேன். ஐந்து வாரம் கழித்து வேறு வேலையாக நகலைத் திறந்தால், கணக்கு இருக்கும் விஎம் மட்டும் அந்தச் சனிக்கிழமையோடு நிற்கிறது. அப்கிரேடுக்காக நிறுத்தியதை மறுபடி ஓடவிட மறந்திருக்கிறார்கள். எச்சரிக்கை மெயில் தினமும் போயிருக்கிறது, வேலையை விட்டுப் போன அக்கவுண்டன்ட்டின் முகவரிக்கு!

அன்றிலிருந்து அப்கிரேடுக்கு முன்பே எழுத்தில் கேட்கிறேன். அசல் பக்கம், நகல் பக்கம் இரண்டிலும் எந்தப் பதிப்பு? இரண்டும் ஒத்துப்போகும் என்று மென்பொருள் நிறுவனத்தின் பட்டியல் சொல்கிறதா? விஎம்மின் உள்ளே உட்கார்ந்திருக்கும் ஏஜென்ட்டை மாற்றப்போவது அவர்களா, நாங்களா? சொதப்பினால் பழைய பதிப்புக்குத் திரும்ப வழி என்ன? அந்த இரவுக்கென்று தனியாக ஒரு பேக்கப் எடுத்து வேறிடத்தில் வைத்தாயிற்றா? ‘பார்த்துக்கலாம் சார்’ என்று பதில் வந்தால் அப்கிரேட் இல்லை.

நகல் எங்கே இருக்கிறது என்பதையும் கேளுங்கள். எஸ்டிடி, என்டிடி போன்ற நிறுவனங்களின் டேட்டா சென்டர்கள் நம் அம்பத்தூரிலேயே இருக்கின்றன. அசலும் நகலும் ஒரே ஊரில் இருந்தால் ஒரே மழைதான் இரண்டுக்கும். 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்புக்குக் காசு கட்டிய ஒரு வாடிக்கையாளரின் பேக்கப்பும் அதே கட்டடத்தில் சேர்ந்து எரிந்தது. பேக்கப் தனியிடத்தில் இருக்கும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் அவர் 2023-இல் லில் வணிக நீதிமன்றத்தில் இழப்பீட்டு உத்தரவு வாங்கினார்.

நம் சட்டம் என்ன சொல்கிறது? முதல் பொறுப்பு உங்கள் தலையில்தான். விபத்திலோ இயற்கைச் சீற்றத்திலோ பதிவேடு அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி மின்னணு பேக்கப் இருக்க வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி விதி 57. பிரைவேட் லிமிடெட் என்றால், கம்பெனிகளின் கணக்கு விதிகளில் 2022 ஆகஸ்டில் வந்த திருத்தத்தின்படி, கணக்குப் புத்தகங்களின் பேக்கப் தினமும் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் ஏற வேண்டும். கிளவுட் எந்த நாட்டில் இருக்கிறது என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டவர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர். தொழிலாளர்களின் ஆதார், வங்கிக் கணக்கு விவரம் அந்த விஎம்மில் இருந்தால் 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வரும். தரவு திருட்டுப்போவது மட்டுமல்ல, கைக்கு எட்டாமல் போவதும் அதில் மீறலாகலாம். பாதுகாப்பில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை. 2025 நவம்பரில் விதிகள் வந்துவிட்டன, முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து அமலாகின்றன.

தரவு போய்விட்டால் நுகர்வோர் ஆணையம் போகலாமா என்று கேட்கிறார்கள். சொந்தப் பிழைப்புக்காகத் தனியாளாகத் தொழில் செய்பவருக்கு வாய்ப்பு இருக்கலாம். வணிக நோக்கத்துக்குச் சேவை வாங்கும் நிறுவனத்துக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது. ஒப்பந்தச் சட்டப்படி சிவில் வழக்குதான். அங்கே இழப்பீட்டுக்கு உச்சவரம்பு வைக்கும் பிரிவு எதிரே வந்து நிற்கும். பல ஒப்பந்தங்களில் அது சில மாத வாடகையைத் தாண்டாது. புதுப்பிக்கும்போது பேரம் பேச வேண்டியது மாத வாடகையை அல்ல, இந்தப் பிரிவை. ரான்சம்வேர் தாக்குதல் என்றால் விஷயம் வேறு: தெரிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தகவல் போக வேண்டும், ஆவடி காவல் ஆணையரகத்தில் புகார் தர வேண்டும்.

இப்போதெல்லாம் அப்கிரேட் முடிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை வெண்டரையும் லைனில் வைத்துக்கொண்டு, நகலைத் தனி நெட்வொர்க்கில் எழுப்பச் சொல்கிறேன். டாலியைத் திறந்து கடைசி இன்வாய்ஸ் எண்ணைப் படிக்கச் சொல்வேன். என் கையில் சனிக்கிழமை சாயங்காலம் கடைசியாக அடித்த பில்லின் கார்பன் பிரதி இருக்கும். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் கையெழுத்துப் போடுவேன்.