தேர்வு முடிந்த பின் காத்திருக்கும் வாயில்கள்

பட்டம் பெற்றால் வேலை, வேலை கிடைத்தால் வாழ்வு என்பது நம் குடும்பங்களில் வழிவழியாக வந்த கணக்கு. செவிலியர் படிப்பில் அக்கணக்கு பெரும்பாலும் பிழைப்பதில்லை. ஆயினும் அமெரிக்க நாட்டில் அப்படிப்பின் மேற்படியில் நின்று, குழந்தைகளின் நோயறிந்து மருந்தெழுதும் உரிமையை நாடுகிற பெண்ணுக்கு அது அப்படியே பொருந்திவிடாது. இறுதித் தேர்வில் வென்ற நாளுக்கும், ஒரு குழந்தையைத் தன் சொந்தப் பொறுப்பில் முதன்முதலாகப் பரிசோதிக்கும் நாளுக்கும் இடையே மாதக்கணக்கில் இடைவெளி விழுவதுண்டு. அம்மாதங்களில் படிப்புக் கடனின் தவணை மட்டும் நிற்பதில்லை. நம் இல்லங்களிலிருந்து செவிலியராய் அங்குச் சென்று இம்மேற்படியை எட்ட முயலும் பெண்கள் உண்டு. அவர்களுக்காகவும், "படித்து முடித்தும் ஏனம்மா இன்னும் வேலைக்குப் போகவில்லை?" என்று இங்கிருந்து தொலைபேசியில் கேட்கும் பெற்றோருக்காகவும் இதனை எழுதுகிறோம்.

நர்ஸ் பிராக்டீஷனர் என்பது அங்கு வழங்கும் பெயர். இவர் மருத்துவர் அல்லர்; மருத்துவர் இட்ட ஆணையை நிறைவேற்றுகிற நர்ஸும் அல்லர். தாமே குழந்தையைப் பரிசோதித்து, நோயை நிர்ணயித்து, இரத்தப் பரிசோதனைக்கு எழுதி, மருந்துச் சீட்டில் கையொப்பம் இடுபவர். இத்தொழில் பிறந்ததே குழந்தைகளுக்காகத்தான் என்பதைப் பலர் அறியார். 1965-ஆம் ஆண்டில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்ட் என்னும் செவிலியரும், ஹென்றி சில்வர் என்னும் குழந்தை மருத்துவரும் சேர்ந்து இதற்கான முதல் பயிற்சியைத் தொடங்கினர். கிராமங்களிலும் ஏழைகள் வாழும் பகுதிகளிலும் குழந்தைகளைப் பார்க்க மருத்துவர் போதாமையே அதற்குக் காரணம். மருத்துவர்களிற் சிலர் எதிர்த்தனர்; செவிலியர் கல்வியாளர்களிலேயே பலர் எதிர்த்தனர் என்பதுதான் வியப்பு. ஃபோர்ட் அம்மையார் 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் தமது 104-ஆம் வயதில் காலமானார். தாம் நட்ட கன்று பெருமரமானதைக் கண்குளிரக் கண்டே சென்றார் எனலாம்.

இன்று அந்நாட்டில் நர்ஸ் பிராக்டீஷனர்கள் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர். ஆனால் அவர்களுள் குழந்தைகளுக்கென்றே பயின்று சான்றிதழ் பெற்றவர்கள் நூற்றுக்கு மூன்று நான்கு பேருக்கு மேல் இல்லை. குழந்தைகளுக்காகத் தோன்றிய தொழிலில் குழந்தைகளைத் தேர்ந்தெடுப்போர் இத்துணைக் குறைவாக இருப்பதேன்?

காரணம் எளிது. பெரும்பாலோர் குடும்ப நலப் பிரிவில் சேர்கின்றனர். அப்பிரிவில் தேறியவர் கைக்குழந்தையையும் பார்க்கலாம், எண்பது வயதுப் பாட்டியையும் பார்க்கலாம். சிற்றூரில் மருத்துவ நிலையம் நடத்துபவர் ஒருவரைத்தான் நியமிக்க முடியும் என்றால் யாரை நியமிப்பார்? குழந்தைப் பிரிவில் தேறியவரின் எல்லையோ பிறப்பு முதல் இருபத்தோரு வயது வரைதான். ஊதியமும் குறைவு. அந்நாட்டுக் குழந்தைகளில் பத்தில் ஏறக்குறைய நால்வருக்கு மெடிகெய்ட் முதலிய அரசுக் காப்புறுதியே துணை. அது தனியார் காப்புறுதியைவிடக் குறைவாகவே கட்டணம் தருகிறது. வருவாய் குறைந்த துறையில் ஊதியம் உயர வழியில்லை அல்லவா? ஆகவே குழந்தைகளைத் தேர்ந்தெடுக்கும் பெண், தன் வாயிலைத் தானே சற்றுக் குறுக்கிக்கொள்கிறாள். தெரிந்து செய்தால் அது தியாகம்; தெரியாமல் செய்தால் ஏமாற்றம்.

படிப்பில் ஒளிந்திருக்கும் முடிச்சு

நர்சிங் இளநிலைப் பட்டம், அரசு உரிமத் தேர்வு, சில ஆண்டுகள் மருத்துவமனை அனுபவம், அதன்மேல் இரண்டு மூன்று ஆண்டு முதுநிலைப் படிப்பு அல்லது அதனினும் நீண்ட முனைவர் படிப்பு என்பது பொதுவான வரிசை. நோயாளிகளை நேரில் கவனிக்கும் பயிற்சி முன்பு குறைந்தது 500 மணி நேரம் என்றிருந்தது. 2022-ஆம் ஆண்டின் தேசிய நெறிமுறை அதனை 750 ஆக்கியது. இம்மணி நேரங்களை எங்கே, யாரிடம் கழிப்பது என்பதில்தான் தொல்லை. கற்பிக்க இசையும் மருத்துவரையோ மூத்த பிராக்டீஷனரையோ மாணவியே தேடிக்கொள்ள வேண்டும் என்று சொல்லும் கல்லூரிகள் பல. கடிதம் மேல் கடிதம் எழுதி, பணமும் கொடுத்து இடம் பிடித்தவர்களும் உண்டு. இது கல்லூரியின் கடமை என்பது நம் கருத்து. கட்டணம் வாங்கிய பின் மாணவியைத் தெருவில் நிறுத்துவது எவ்வகை நியாயம்? சேரும் முன்னரே இதனை எழுத்தில் கேட்டுத் தெளிவது நன்று.

இதனினும் பெரிய முடிச்சு ஒன்றுண்டு. குழந்தைப் பிரிவே இரண்டு கிளைகளாக உள்ளது. வளர்ச்சி காண்பது, தடுப்பூசி போடுவது, காய்ச்சல், காதுவலி, ஆஸ்துமா ஆகியவற்றைக் கவனிப்பது முதல்நிலை மருத்துவக் கிளை. தீவிர சிகிச்சைப் பிரிவிலும் மருத்துவமனை வார்டுகளிலும் கடும் நோயுற்ற குழந்தைகளைக் கவனிப்பது மற்றொன்று. ஒவ்வொன்றுக்கும் தனிப் படிப்பு, தனித் தேர்வு, தனிச் சான்றிதழ். குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் எட்டாண்டு நர்ஸாக உழைத்த ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். அருகிலுள்ள கல்லூரியில் இருந்தது என்பதற்காக முதல்நிலைக் கிளையைப் படித்து முடிக்கிறாள். பழைய பிரிவுக்கே புதிய பதவியில் திரும்பலாம் என்பது அவள் எண்ணம். ஆனால் அவளது சான்றிதழ் அவ்வேலைக்குப் பொருந்தாது என்று மருத்துவமனையோ மாநில வாரியமோ கூறிவிடலாம். எட்டாண்டு அனுபவம் அங்கே கணக்கில் வராது. மீண்டும் ஓராண்டுக்கு மேல் படித்து இரண்டாம் சான்றிதழ் பெற வேண்டியதுதான்.

ஒன்றன்பின் ஒன்றாக

பட்டம் கைக்கு வந்தபின் முதலில் தேசியச் சான்றிதழ்த் தேர்வு. மூன்று மணி நேரம், 175 கேள்விகள். அவற்றுள் 150-க்கே மதிப்பெண். அதில் தேறிய பின் மாநிலச் செவிலியர் வாரியத்திடம் உயர்நிலை உரிமத்துக்கு விண்ணப்பம். பல மாநிலங்களில் மருந்தெழுதும் உரிமைக்கெனத் தனி விண்ணப்பம். போதை தரக்கூடிய, கட்டுப்பாட்டுக்குட்பட்ட மருந்துகளை எழுத வேண்டுமாயின் மத்திய அரசின் போதைப்பொருள் தடுப்புத் துறையிடம் பதிவு. மூன்றாண்டுக்கு 888 டாலர். இவ்வளவும் முடிந்த பின்னும் காப்புறுதி நிறுவனங்கள் ஒவ்வொன்றும் அவளுடைய பட்டம், உரிமம், முன்னனுபவம் அனைத்தையும் தனித்தனியே சரிபார்த்துத் தம் பட்டியலில் சேர்க்க வேண்டும். இதற்கு மூன்று நான்கு மாதங்கள் ஆவது வழக்கம். பட்டியலில் பெயர் ஏறும்வரை அவள் பார்க்கும் குழந்தைக்கான கட்டணத்தை மருத்துவ நிலையம் பெற இயலாது. ஆதலின் வேலை உறுதி என்று கடிதம் கொடுத்த முதலாளியும் சேரும் நாளைத் தள்ளிப்போடுகிறார்.

இவ்வாயில்களுள் ஒன்று மட்டும் முன்பைவிட அகலத் திறந்துள்ளது. குழந்தைப் பிரிவு, குடும்பப் பிரிவு நர்ஸ் பிராக்டீஷனர்களின் பணிக்கு மெடிகெய்ட் திட்டத்தில் மாநிலங்கள் கட்டணம் தந்தேயாக வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய சட்டம் விதித்தது. அச்சட்டம் இல்லாதிருந்தால் ஏழைக் குழந்தைகளிடையே இத்தொழில் வேர்கொண்டிருக்குமா என்பது ஐயமே.

மாநிலத்துக்கு ஒரு நீதி

ஒரே சான்றிதழ், ஒரே தேர்வு. ஆனால் உரிமை மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஓரிகான், வாஷிங்டன், அரிசோனா முதலியவை உட்பட, பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் நர்ஸ் பிராக்டீஷனர் மருத்துவரின் மேற்பார்வை ஒப்பந்தமின்றியே பணியாற்றலாம்; சிலவற்றில் அவ்வுரிமைக்கு முன் குறிப்பிட்ட கால அனுபவம் வேண்டும். கலிபோர்னியா மாநிலம் 2020-இல் இயற்றிய சட்டத்தின்படி மூன்றாண்டு அல்லது 4,600 மணி நேரம் பணியாற்றிய பின்னரே அவ்வுரிமைக்கான முதற்படி. டெக்ஸாஸிலோ மருத்துவர் ஒருவருடன் எழுத்து மூலமான ஒப்பந்தம் இன்றி மருந்தெழுத இயலாது. அவ்வொப்பந்தத்துக்காக மாதந்தோறும் கட்டணம் கேட்கும் மருத்துவர்களும் உளர்.

இதன் விளைவை ஒரு குழந்தையின் நிலையிலிருந்து பார்ப்போம். ஓரிடத்தில் அமர இயலாமல், பாடத்தில் கவனம் நில்லாமல் தவிக்கும் பிள்ளைகளுக்கு மெத்தில்பெனிடேட் என்னும் மருந்து தருவதுண்டு. அது கடும் கட்டுப்பாட்டு வரிசையைச் சேர்ந்தது. டெக்ஸாஸில் மருத்துவமனை, இறுதிக்காலப் பராமரிப்பு ஆகியவற்றுக்கு வெளியே அவ்வரிசை மருந்துகளை நர்ஸ் பிராக்டீஷனர் எழுதலாகாது. பிள்ளையை ஒரு மணி நேரம் பரிசோதித்து, ஆசிரியரின் குறிப்பைப் படித்து, தாயுடன் பேசி நோயை நிர்ணயித்தவள் அவளே. ஆனால் சீட்டில் கையொப்பமிட, அப்பிள்ளையைக் கண்டிராத மருத்துவரைத் தேடிச் செல்ல வேண்டும். அவர் விடுப்பில் இருந்தால் பிள்ளையும் காத்திருக்க வேண்டியதே.

கணவருக்கு வேறு மாநிலத்தில் வேலை மாறினால் இவளது விண்ணப்பப் படலம் மறுபடியும் தொடங்கும். சாதாரண நர்ஸ் உரிமத்துக்குப் பல மாநிலங்களிடையே பொது உடன்படிக்கை உள்ளது. உயர்நிலை உரிமத்துக்கும் 2020-இல் அவ்வாறு ஒன்று வகுக்கப்பட்டது. ஏழு மாநிலங்கள் ஏற்றால்தான் அது நடைமுறைக்கு வரும். 2024 இறுதிவரை நான்கே ஏற்றிருந்தன. "எல்லாம் போதும், ஊருக்கே வந்துவிடேன்" என்று அழைக்கும் பெற்றோரும் ஒன்றை அறிய வேண்டும். நம் நாட்டில் 2017-இல் தீவிர சிகிச்சைக்கும், 2018-இன் வழிகாட்டு நெறிகளின்படி மகப்பேற்றுக்கும் நர்ஸ் பிராக்டீஷனர் பயிற்சிகளுக்கு வழி திறந்தது உண்மையே. ஆனால் அமெரிக்க உரிமம் இங்கே குழந்தைகளுக்கு மருந்தெழுதும் உரிமையைத் தராது. திரும்பி வருபவள் செவிலியராகவோ ஆசிரியையாகவோதான் பணி தேட வேண்டும்.

முதல் ஆண்டு

உரிமம் கிடைத்த பின் வரும் சோதனை வேறு வகையானது. அதுகாறும் வார்டில் அவள் அனுபவசாலி. இளம் மருத்துவர்களே அவளிடம் வந்து கேட்பர். இப்போது அவள் புதியவள். நேற்றுவரை மற்றவர் எழுதிய அளவைச் சரிபார்த்தவள், இன்று தானே எழுத வேண்டும்.

பெரியவர்களுக்கு மாத்திரை அளவு பெரும்பாலும் ஒன்றே. குழந்தைக்கு எடையே அளவுகோல். நடுக்காதில் சீழ் கொண்ட பத்து கிலோ குழந்தைக்கு அமாக்ஸிசிலின் எழுத வேண்டும் என்று கொள்வோம். கிலோவுக்கு நாளொன்றுக்கு 90 மில்லிகிராம் என்றால் மொத்தம் 900. இரு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 450. ஐந்து மில்லி லிட்டரில் 400 மில்லிகிராம் உள்ள திரவ மருந்தில் அது ஏறக்குறைய 5.6 மில்லி லிட்டர். கணக்கு கடினமன்று. ஆனால் அந்நாட்டுத் தாய் குழந்தையின் எடையைப் பவுண்டில் சொல்லுவாள்: இருபத்திரண்டு. அதனைக் கிலோ என்று குறித்துவிட்டால் மருந்து இரு மடங்குக்கும் மேலாகிவிடும். ஒரு புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு குழந்தை என்று அட்டவணை நிரம்பிய நாளில், வெளியே அழுகுரல்கள் கேட்க, இக்கணக்கை இருபது முறை போட வேண்டும். இரவு வீடு திரும்பிய பின் "காலையில் எழுதியது சரிதானா?" என்ற நினைவில் உறக்கம் வராமற் போவதில் வியப்பென்ன? அவள் தகுதியற்றவள் என்பதற்கு அது அடையாளமன்று.

இதனை உணர்ந்தே சில குழந்தை மருத்துவமனைகள் புதியவர்க்கென ஓராண்டுப் பயிற்சிப் பணி நடத்துகின்றன. ஊதியம் குறைவு, ஆனால் அருகில் கேட்க ஆள் உண்டு. அவ்விடங்கள் மிகச் சிலவே. கிடைக்காதவர் தம் முதல் ஒப்பந்தத்திலேயே தமக்கு வேண்டிய காப்பைத் தேடிக்கொள்ள வேண்டும்.

கடன் சுமை அழுத்தும்போது முதலில் வந்த ஒப்பந்தத்தில் கண்ணை மூடிக் கையொப்பமிடத் தோன்றும். இரு பிரிவுகளையாவது நிதானமாகப் படிக்க வேண்டும். வேலையை விட்டபின் இத்தனை மைல் சுற்றளவில், இத்தனை ஆண்டு வேறிடத்தில் பணியாற்றலாகாது என்பது ஒன்று. சிறு நகரில் அது குடும்பத்தையே ஊர் மாற வைத்துவிடும். மற்றது தொழிற்பிழைக் காப்புறுதி. ஒருவகைக் காப்புறுதி, அது நடப்பிலிருக்கும் காலத்தில் தொடுக்கப்படும் வழக்குக்கு மட்டுமே பொறுப்பேற்கும். பல மாநிலங்களில், குழந்தைக்கு நேர்ந்த தீங்குக்கு அது வளர்ந்து பதினெட்டு வயதைக் கடந்த பின்னும் வழக்குத் தொடுக்க இடமுண்டு. வேலையை விட்டுப் பத்தாண்டு கழித்து ஓலை வந்தால் யார் துணை நிற்பார்? விலகும்போது பிற்காலக் காப்புக்கான தொகையைச் செலுத்துபவர் முதலாளியா, அவளா என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

நேர்காணலில் ஊதியத்தைக் கேட்கக் கூசாத பெண்களும் வேறு சிலவற்றைக் கேட்கக் கூசுகின்றனர். முதல் மூன்று மாதம் ஒரு குழந்தைக்கு அரை மணி நேரம் ஒதுக்குவீர்களா? தனியாக ஒரு கிளை நிலையத்தில் என்னை எத்தனையாவது வாரத்தில் அமர்த்துவீர்கள்? ஐயம் எழுந்தால் நான் கேட்க வேண்டிய மருத்துவர் யார். அவர் அதே கட்டடத்தில் இருப்பாரா, தொலைபேசியில் மட்டும் கிடைப்பாரா? இவற்றுக்கு முதலாளி சொல்லும் விடையையும், சொல்லத் தயங்கும் விடையையும் அன்றிரவே குறித்து வைத்துக்கொண்டு, வீட்டாருடன் பேசி, அதன் பின்னரே அவள் கையொப்பமிடட்டும்.