கையும் கருவியும் – 14: முனை மழுங்கிய கத்தி

ராஜபாளையத்துக்குக் கிழக்கே சத்திரப்பட்டியிலும் சமுசிகாபுரத்திலும் விசைத்தறிச் சத்தம் ஓயாது. அங்கே நெய்வது சேலையும் இல்லை, வேட்டியும் இல்லை. காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி. ராஜபாளையத்துக்கு இது புதிய தொழில் அல்ல. ராமராஜு சர்ஜிகல் காட்டன் மில் தொடங்கியதே 1939-இல். அந்தத் துணி எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாலும், கட்டைப் பிரிக்கும் நாளில் நர்ஸ் கையில் ஒரு வளைந்த கத்தரி இருக்கும். அதன் கீழ் அலகு கொஞ்சம் நீளம். நுனியில் மொச்சைப் பயறு போல ஒரு மழுங்கல். லிஸ்டர் கத்தரி என்பார்கள். தோலுக்கும் கட்டுக்கும் நடுவே அந்த மழுங்கலை விட்டுத் தள்ளினால், துணி பிளந்துகொண்டே போகும்; தோலில் கீறல் விழாது.

மீட்புப் பணிக்கான மடக்குக் கத்தியைப் புரிந்துகொள்ள இந்தக் கத்தரியிலிருந்து தொடங்குவதுதான் சரி.

திருமங்கலத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி வழியாகக் கொல்லம் போகிறது தேசிய நெடுஞ்சாலை 744. இரவு பகலாக லாரி, பஸ், கேரளா போகும் கார்கள். இப்படியொரு சாலையில் கார் ஒன்று கவிழ்ந்தால், உள்ளே இருப்பவரைச் சீட் பெல்ட் பிடித்துத் தொங்கவிடும். உயிரைக் காத்த அதே பெல்ட், உடல் எடை முழுவதும் இழுப்பதால் கொக்கி கழலாமல் சிறைப்படுத்தும். பாலியெஸ்டர் நூலை நெருக்கி நெய்த பட்டை அது. அகலம் ஏறக்குறைய 2 அங்குலம். அடியில் ஒரு மனிதரின் நெஞ்சும் வயிறும். அந்த இடத்தில் கூர்முனைக் கத்தியை நீட்டுவது இரண்டாவது விபத்து.

அதனால்தான் மீட்புக் கத்திகளில் முனை இருக்காது. முதுகு நேராக வந்து நுனியில் சட்டென்று கீழே வளைந்துவிடும். வெட்டுவாய் நேர்கோடாக இருக்கும். ஆங்கிலத்தில் இதற்கு ஆட்டுக்கால் வடிவம் என்று பெயர். ஆடும் கப்பலில் கயிறு அறுத்த மாலுமிகள் நெடுங்காலமாக வைத்திருந்த வடிவம் இது.

முனையை அடுத்துப் பார்க்க வேண்டியது சாணைச் சரிவு. முதுகிலிருந்து வெட்டுவாய் வரை இரும்பு எப்படி மெலிந்து இறங்குகிறது என்பதுதான் கத்தியின் குணத்தைத் தீர்மானிக்கிறது. நம் ஊர்க் கருவிகளிலேயே எல்லாச் சரிவும் உண்டு. சவரக்கத்தியின் பக்கங்கள் உட்குழிந்தவை. முடியை அறுக்க அதைவிடச் சிறந்தது இல்லை, ஆனால் கொஞ்சம் திருகினால் விளிம்பு பொரிந்துவிடும். விறகு வெட்டும் அரிவாளின் பக்கங்கள் வெளியே புடைத்தவை. முட்டுக்கட்டையில் போட்டாலும் தாங்கும், ஆனால் மெல்லிய பட்டையில் இறங்காமல் தள்ளிக்கொண்டு நிற்கும். உளி ஒரு பக்கம் மட்டும் சரிந்தது. இவற்றுக்கு நடுவே நிற்பது முதுகிலிருந்து நேராக இறங்கும் தட்டைச் சரிவு.

மீட்புக் கத்திக்குத் தட்டைச் சரிவே பொருத்தம். குழிச் சரிவு கடையில் தாளை அறுத்துக் காட்டும்போது மயக்கும். ஆனால் விபத்து இடத்தில் அவசரத்தில் நிற்பவர் கத்தியைத் திருகுவார், நெம்புவார், தகரத்தில் உரசுவார். செய்யாதே என்று சொல்லலாம்; கை கேட்காது. கொஞ்சம் கூர் குறைந்தாலும் பொரியாத விளிம்புதான் அங்கே வேண்டும்.

கூர் குறைந்தால் பெல்ட் எப்படி அறுபடும்? இதற்கான விடை வயலில் இருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கண்மாய்ப் பாசனத்தில் இப்போது அறுப்பு மெஷின்தான் ஓடுகிறது. ஆனாலும் வீட்டு எரவாணத்தில் செருகிய பழைய கருக்கரிவாளை எடுத்து விரலால் தடவிப் பார்த்தால் தெரியும், வாயெல்லாம் பொடிப்பொடியாகப் பல். பனைமட்டை ஓரத்து முள்ளுக்கும் கருக்கு என்றுதான் பெயர். நெல் தாளில் மணல் சத்து உண்டு. வழவழப்பான கூரை அது சீக்கிரம் மழுக்கிவிடும். போதாக்குறைக்குத் தாள் வழுக்கும். பல் இருந்தால் தாள் நகராது. ஒவ்வொரு பல்லும் தன் பங்குக்கு ஒரு கீற்று அறுத்துவிட்டு அடுத்த பல்லிடம் ஒப்படைக்கும். பல்லின் நுனிகள்தான் முதலில் மழுங்கும். இடையில் உள்ள பள்ளங்களின் கூர் நெடுநாள் நிற்கும். கொல்லர் சிற்றுளியை ஒரு பக்கமாகவே வைத்துத் தட்டிக்கொண்டு போவார். மறுபக்கம் தட்டையாக இருக்கும்.

இன்றைய மீட்புக் கத்திகளின் பல்லும் அப்படித்தான்: ஒரு பக்கம் மட்டும் வெட்டியது. நைலான் கயிறும் சீட் பெல்ட்டும் நெல் தாளைப் போலவே வழுக்குபவை. சாதாரணக் கூர் மேலேயே சறுக்கும் இடத்தில், பல் கவ்விப் பிடித்து இழுவையில் அறுக்கும். சிலர் பாதி கருக்கு, பாதி வழவழப்பு என்று வாங்குகிறார்கள். கைப்பிடியை ஒட்டிய பகுதியில்தான் அழுத்தம் அதிகம் கிடைக்கும் என்பதால் பல் அங்கே இருப்பது நல்லது. மீட்புக்கு மட்டுமே என்றால் முழுக் கருக்கே மேல். ஒரு குறை உண்டு. வீட்டுச் சாணைக்கல்லில் இதைத் தீட்ட முடியாது. மெல்லிய உருண்டை அரத்தால் பள்ளம் பள்ளமாக உட்கார்ந்து தீட்ட வேண்டும்.

இனிக் கை. பனையேறி மரத்தின் உச்சியில் ஒரு கையால் மட்டையைப் பிடித்தபடி, மறு கையால் இடுப்பிலுள்ள அரிவாள் பெட்டியிலிருந்து பாளை அரிவாளை உருவுகிறார். இரண்டு கையும் ஓய்வாக இருக்கும் தருணம் அவருக்கு இல்லை. மீட்பவருக்கும் அதே நிலைமை: ஒரு கை அடிபட்டவரின் தலையைத் தாங்கியிருக்கும். மடக்குக் கத்தி ஒரு கையால் திறக்காவிட்டால் அந்த நேரத்தில் அது வெறும் இரும்பு. அமெரிக்காவின் ஸ்பைடர்கோ நிறுவனம் 1981-இல் வெளியிட்ட தன் முதல் மடக்குக் கத்தியின் அலகில் ஒரு வட்ட ஓட்டை போட்டது. கட்டை விரல் அதில் பதிந்து தள்ளினால் அலகு திறந்துவிடும். ஈரக்கையிலும் உறை மாட்டிய கையிலும் வேலை செய்யும் எளிய ஏற்பாடு. பிரான்ஸின் ஒபினெல் கத்தியில் 1955 முதல் இருக்கும் திருகு வளையப் பூட்டு உறுதியானது, அழகானது. ஆனால் அதற்கு இரண்டு கை வேண்டும்.

பூட்டிலும் வேறுபாடு பெரிது. உள்தகடு வளைந்து அலகைத் தாங்கும் வகையில், மடக்கும்போது கட்டை விரல் அலகின் பாதையிலேயே நிற்கும். நடுங்கும் கைக்கு அது ஆபத்து. முதுகில் அழுத்தி விடுவிக்கும் பூட்டில் விரல் விலகியே இருக்கும். ஆனால் அதன் சிறு பள்ளத்தில் மண் அடைந்தால் பூட்டு முழுதாக விழாது. கைப்பிடி கறுப்பாக இருக்கவே கூடாது. மஞ்சளோ ஆரஞ்சோ இருந்தால்தான் புல்லில் விழுந்தால் கண்ணில் படும்.

பெல்ட்டை அறுப்பதற்கு முன் தொங்குபவரைத் தாங்கிக்கொள்ள ஆள் வேண்டும். இல்லையென்றால் கழுத்து மடங்க விழுவார். இறுக்கமாக நிற்கும் பகுதியில், ஓரத்திலிருந்து சாய்வாக, வெட்டுவாய் உடலுக்கு வெளிப்புறம் பார்க்க இழுக்க வேண்டும். பக்கவாட்டுக் கண்ணாடியை மூலையில் குத்தினால் பொரிபொரியாக உதிரும். முன் கண்ணாடி உதிராது. இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் ஏடு ஒட்டியது அது. விக்டோரினாக்ஸ் நிறுவனத்தின் மீட்புக் கத்தியில் அதற்கென்றே ஒரு ரம்பம் வைத்திருக்கிறார்கள்.

சாலையில் மட்டுமல்ல, ஓடையிலும் இந்தக் கத்திக்கு வேலை உண்டு. கோயிலுக்கு ஏறும் சதுரகிரி மலைப்பாதையில் மாங்கனி ஓடையும் சங்கிலிப்பாறையும் மழை பிடித்தால் வேறு முகம் காட்டும். 2015 மே மாதம் அங்கே வந்த காட்டாற்று வெள்ளம் பக்தர்களின் உயிரைக் கொண்டுபோனது. ஓடையின் குறுக்கே கயிறு கட்டி ஆட்களைக் கரையேற்றும் வேலையில், சிக்கிய கயிற்றை நொடியில் அறுக்க வேண்டிய நேரம் எப்போது வேண்டுமானாலும் வரலாம். கயிறு இடுப்பில் சுற்றியவரைத் தண்ணீர் கீழே அழுத்தும். மேலே இழுப்பவரின் பலம் அங்கே செல்லாது.

அப்படிப்பட்ட வேலை முடிந்த அன்றே கத்தியைத் திறந்து நல்ல தண்ணீரில் அலச வேண்டும். ஓடை மணல் திருகாணி இடுக்கிலும் பூட்டுப் பள்ளத்திலும் தங்கியிருக்கும். பழைய பல் பிரஷ் போதும். துடைத்து, காயவைத்து, ஆணியில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. பிறகு கட்டை விரலால் தள்ளித் திறந்து, பூட்டு ‘டக்’கென்று விழுகிறதா என்று கேட்டுவிட்டு மடக்கி வைக்கலாம்.

(தொடரும்)