பேட்டரியில் நடக்கும் டிடெக்டிவ்! 'பிளேடு ரன்னர்' காமிக்ஸ் படிச்சிருக்கீங்களா?

ஓயாத மழை, நியான் வெளிச்சம், கோட் காலரைத் தூக்கிவிட்டுத் தனியாக நடக்கும் ஒரு டிடெக்டிவ். இதைப் பார்த்ததுமே 'பிளேடு ரன்னர்' என்று சொல்லிவிடுவார்கள் ஹாலிவுட் ரசிகர்கள். ரிட்லி ஸ்காட் இயக்கி, 1982 ஜூனில் வந்த படம். இரண்டு வாரம் முன்பே தியேட்டர்களைப் பிடித்திருந்த 'ஈ.டி.' முன்னால் அது எடுபடவில்லை. கொண்டாட்டமெல்லாம் பிறகுதான்.

படத்தின் கதை நடப்பது 2019-ல். நிஜ 2019 வந்தபோது, டைட்டன் காமிக்ஸ் நிறுவனம் 'பிளேடு ரன்னர் 2019' தொடரைத் தொடங்கியது. மைக் ஜான்சனோடு சேர்ந்து எழுதியவர் மைக்கேல் கிரீன். 2017-ல் வந்த 'பிளேடு ரன்னர் 2049' படத்தின் திரைக்கதையிலும் அவருக்குப் பங்கு உண்டு. ஓவியம், ஸ்பெயினின் ஆண்ட்ரஸ் குயினால்டோ.

இதில் ஹாரிசன் ஃபோர்டின் டெக்கார்டைத் தேடாதீர்கள். ஹீரோ ஒரு பெண், பெயர் ஆஷ். தப்பியோடும் 'ரெப்ளிகன்ட்'களை, அதாவது செயற்கையாக உருவாக்கப்பட்ட மனிதர்களை, வேட்டையாடும் போலீஸ். ஒரு கோடீஸ்வரரின் மனைவியும் சின்ன மகளும் காணாமல் போக, கேஸ் இவரிடம் வருகிறது.

இதுவரை பழைய துப்பறியும் கதைதான். ஆனால், ஆஷுக்கு முதுகெலும்பில் கோளாறு. முதுகில் பொருத்திய கருவி இல்லாவிட்டால் நடக்கவே முடியாது. நம் செல்போன் மாதிரி அதற்கும் சார்ஜ் தேவை! செயற்கை மனிதர்களை வெறுத்துச் சுடுகிறவர், ஒரு மெஷினின் தயவில்தான் எழுந்தே நிற்கிறார். அந்தச் சிறுமியைச் சந்தித்த பிறகு இந்த வெறுப்பு என்னவாகிறது என்பதுதான் கதை. மீதியைச் சொன்னால் ஸ்பாய்லர். டெக்கார்டு மனிதனா, ரெப்ளிகன்டா என்று ரசிகர்கள் இன்னமும் சண்டை போடுகிறார்கள். ஆஷ் மனுஷிதான். அதனால்தான் அவர் துப்பாக்கியை நீட்டும்போது நமக்கு அதிகம் உறுத்துகிறது.

ஒரு சுவாரஸ்யம்... அந்தப் படத்தின் அடுக்கடுக்கான நகரமே காமிக்ஸில் இருந்து வந்ததுதான். பிரெஞ்சு ஓவியர் மோபியஸ் 1970-களில் வரைந்த 'தி லாங் டுமாரோ' என்ற சின்ன துப்பறியும் கதை, ரிட்லி ஸ்காட்டை அவ்வளவு பாதித்திருக்கிறது. ஆக, கடன் வட்டியோடு திரும்பியிருக்கிறது!

மொத்தம் 12 இதழ்கள். ஆஷின் கதை '2029', '2039' என்று நீள்கிறது. 'ஆரிஜின்ஸ்' தொடர் 2009-க்குப் பின்னோக்கிப் போகிறது. '2019'-ல் ஆரம்பிப்பதே நல்லது. ரத்தம் தாராளம் என்பதால் குட்டீஸ் கையில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்!