போர்ப் பொம்மைகளும் வெண்மை தீட்டும் கலையும்

ஆடுகளத்திலே படை நடத்தி மகிழும் வழக்கம் தொன்மையானது. நம் நாட்டுச் சதுரங்கம் பாரசீகத்தில் சத்ரங் எனவும், அரபியரிடையே ஷத்ரஞ்ச் எனவும் பெயர் பெற்று, அவர்கள் வழியே ஐரோப்பாவை எய்தியது. அதனையே விரித்து, ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரத்து ஹெல்விக் என்பார் 1780ஆம் ஆண்டில் ஒரு போர் விளையாட்டை வெளியிட்டார். ஆங்கில நாவலாசிரியர் எச்.ஜி. வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் நூலெழுதி, பொம்மை வீரர்களைக் கொண்டு ஆடுதற்கு விதி வகுத்தார். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரம் இன்று இவ்விளையாட்டின் தலைநகர் எனத் தகும். ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் உயரமே உள்ள பிளாஸ்டிக், உலோகப் பொம்மைகளை வாங்கி, ஆடுவோர் தாமே வண்ணம் தீட்டிக்கொள்கின்றனர்.

அவர்களை மிகவும் அலைக்கழிக்கும் நிறம் வெண்மையே. நெப்போலியனை 1809இல் ஆஸ்பெர்ன் களத்தில் தடுத்து நிறுத்திய ஆஸ்திரியக் காலாட்படையை எடுத்துக்கொள்வோம். மேலங்கி வெள்ளை; மார்பின் குறுக்கே செல்லும் தோல்வார்களும் வெள்ளை. இத்தகைய வீரர் இருபது முப்பது பேர் சேர்ந்தால்தான் ஆட்டத்தில் ஓர் அணியாகும். ஆர்வத்தோடு பெட்டியைத் திறந்தவர் பலர், மூன்றாம் பொம்மையிலேயே சலித்துத் தூரிகையைக் கீழே வைத்துவிடுவது இந்நிறத்தினால்தான்.

இடர்ப்பாட்டின் காரணம் யாது? சிவப்புக்கு மேல் இன்னும் ஒளிர்ந்த சிவப்பைத் தீட்டி மேட்டைக் காட்டலாம். தூய வெண்மைக்கு மேலே ஏறிச் செல்லப் படியில்லை. அன்றியும், வெள்ளைப் பரப்புகள் ஒன்றின் ஒளியை மற்றொன்றின் மீது எறிகின்றன. அதனால் மடிப்புகளில் விழ வேண்டிய நிழலும் கரைந்துபோகிறது. பொம்மையோ மிகச் சிறியது. முழுவதும் வெள்ளை பூசினால் முகமும் மடிப்பும் தெரியாத சுண்ணாம்புக் கட்டியாகவே அது நிற்கும். கரிய அடிப்பூச்சின் மேல் வெள்ளையை நேரே தீட்டினாலும் தொல்லைதான். மெல்லிதாகத் தீட்டினால் திட்டுத் திட்டாகக் கருமை தெரிகிறது. தடித்துத் தீட்டினால் பொருக்குத் தட்டுகிறது.

ஆகவே, வெண்மையைத் தீட்டுவதாவது பெரும்பாலும் சாம்பலைத் தீட்டுவதே என்பது நம் கருத்து. வரலாறும் இதற்குத் துணை நிற்கிறது. ஆஸ்திரியரின் அங்கி சாயமேற்றாத கம்பளி. பனிபோல் வெளுத்த துணியன்று. தோல்வார்களுக்கு வெண்களிமண் பூசி வெளுப்பேற்றினர். பால், முத்து, சாம்பல் என வெளுப்பின் சாயல்களை வேறுபடுத்திப் பேசும் தமிழர்க்கு இது புதிதன்று.

இனி, விரைந்து முடிக்கும் முறையைக் காண்போம். பொம்மைகளைப் புட்டி மூடிகளின் மேல் ஒட்டிக்கொண்டால் விரலின் எண்ணெய்ப் பிசுக்கு படியாது. முதலில் நடுத்தரச் சாம்பல் நிற அடிப்பூச்சை எல்லாப் பக்கமும் தெளிக்க வேண்டும். அது உலர்ந்தபின், தலைக்கு மேலிருந்து மட்டும், உச்சி வெயில் விழுவதுபோல், தந்தச் சாயலுள்ள வெளிர்நிறத்தைத் தெளித்தல் வேண்டும். தோளும் மார்பும் வெளுக்கும்; கைக்கு அடியிலும் அங்கியின் மடிப்புகளிலும் சாம்பல் தங்கும். பாதி வேலை இங்கேயே முடிந்துவிட்டது.

அடுத்து, நீர்த்த நீலச் சாம்பல் குழம்பை அங்கி முழுதும் ஓடவிட்டால் அது பள்ளங்களிற் சென்று தேங்கும். சமதளத்தில் தேங்குவதை, உலருமுன் ஈரத் தூரிகையால் ஒற்றி எடுத்துவிட வேண்டும், விட்டால் கறையாகும். இதற்கென்றே ஆயத்தக் குழம்புகளும் உள்ளன. நாட்டிங்ஹாமின் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம் 2019இல் வெளியிட்ட கான்ட்ராஸ்ட் வரிசையில் ‘அப்போதெக்கரி ஒயிட்’ என ஒன்று உண்டு. பெயர்தான் வெள்ளை, புட்டிக்குள் இருப்பதோ நீர்த்த நீலச் சாம்பல்! நெடும்பயணத்தில் புழுதி படிந்த வீரரைக் காட்ட விரும்புவோர் நீலத்துக்கு மாற்றாகப் பழுப்பைக் கொள்ளலாம்.

அது நன்கு உலர்ந்தபின், தேய்ந்த பழந்தூரிகையில் வெளிர்நிறத்தைத் தோய்த்து, காகிதத்தில் அநேகமாக முற்றும் துடைத்துவிட்டு, மேடுகளின் மீது மெல்ல வருடவேண்டும். மடிப்பின் முகடுகள் தாமே எழுந்து தோன்றும். இவ்வருடல் எல்லைக்குள் நில்லாது. ஆதலால் அங்கியின் வெண்மையை முற்றும் முடித்த பின்னரே காலர், கைவிளிம்பு ஆகியவற்றின் நிறங்களையும், காலணியின் கருமையையும், முகத்தையும் தீட்டுதல் தகும்.

எஞ்சுவது வெள்ளை மேல் வெள்ளையாகிய தோல்வார். அதன் இருமருங்கும் அடர்ந்த சாம்பலால் மயிரிழைக் கோடு இட்டு, வாரின் மீது மட்டும் தூய வெள்ளையைத் தீட்ட வேண்டும். அவ்வளவே, அங்கி தானே பின்னுக்குச் செல்ல, வார் முன்னுக்கு வரும். தூய வெள்ளைக்கு இப்பொம்மையில் இதுவன்றி வேறிடமில்லை. வேண்டுமாயின் தோளின் முனையில் ஒரு புள்ளி வைக்கலாம்.

தூரிகை கழுவும் நீரைப் பற்றியும் ஒரு சொல். துப்பாக்கிக்கு வெள்ளி வண்ணம் தீட்டிய தூரிகையைக் கழுவிய நீரை வெள்ளைக்குப் பயன்படுத்தினால், அங்கியெங்கும் மினுமினுப்புத் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். இரண்டு கிண்ணங்கள் வைத்துக்கொள்வது நன்று. ஈற்றில், பளபளப்பற்ற வார்னிஷை ஈரமில்லாத நாளில் மெல்லிதாகத் தெளித்து, பீடத்துக்கு அடர்ந்த மண்ணிறம் பூசினால், அதன் அருகே அங்கி மேலும் வெளுத்துத் தோன்றும்.